கூட இருக்கும் வேலை

எங்கள் அம்மா கிராம சுகாதாரச் செவிலியர். 1984ல் ஏ.என்.எம். என்கிற துணைச் செவிலியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்தவர், புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே ஊர் ஊராக மாறி, அங்கேயே ஓய்வும் பெற்றார். ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா. அந்தக் காலத்துத் துணை சுகாதார நிலையம் என்றால் முன்பக்கம் ஒரு அறை, பின்பக்கம் நர்சம்மா குடியிருக்க ஒரு அறையும் அடுப்படியும். நானும் தங்கச்சியும் அந்தப் பின்பக்கத்தில்தான் வளர்ந்தோம். நடுவில் ஒரு மரக்கதவு. அந்தப் பக்கம் பிள்ளை பிறக்கும், இந்தப் பக்கம் நாங்கள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்போம்.

அலறல் பழகிவிடும். எனக்குக் கடைசி வரை பிடிபடாமல் இருந்தது, அம்மா அந்தப் பக்கம் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்பதுதான். சினிமாவில் வெந்நீர் கேட்பார்கள், வெள்ளைத் துணி கேட்பார்கள், கதவைச் சாத்துவார்கள், அடுத்த காட்சியில் குழந்தை அழும். நிஜத்தில் தலைச்சன் பிரசவம் என்றால் முந்தின நாள் ராத்திரி வலி கண்டு வந்தவளுக்கு மறுநாள் மத்தியானம் பிறந்தால் உண்டு. அத்தனை நேரத்தில் அம்மாவின் கை செய்த வேலையை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரம் தேறாது. மீதி நேரமெல்லாம் அந்தப் பெண்ணைத் திண்ணையில் நடக்கவிட்டு, தான் படியில் உட்கார்ந்து ரிஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டிருப்பார். நடுவில் பேச்சு. என்ன ஊரிலிருந்து கட்டிக்கொடுத்தார்கள், மாமியார் எப்படி, ஆடு எத்தனை இருக்கிறது.

முதலில் சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்க வேண்டும். கூட வந்த பெரியவர்கள் சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுப்பார்கள். சூட்டு வலி என்றால் அடங்கிவிடும், பிள்ளை வலி என்றால் கூடும் என்பது கணக்கு. அம்மா அதைத் தடுத்ததே இல்லை. "குடிக்கட்டுமே, அதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஓடிடும்ல" என்பார். அந்த ரெண்டு மணி நேரத்தில் அவர் தன் கணக்கைப் பார்த்துவிடுவார். வயிற்றில் கையை வைத்தபடி, பத்து நிமிடத்தில் எத்தனை தடவை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுவார். மூன்று தடவை, நாற்பது நொடி என்று வந்துவிட்டால் அப்புறம் வீட்டுக்குத் திருப்பி அனுப்பமாட்டார்.

அதன்பிறகு கைக்கு வேலை குறைவு, காதுக்கும் கண்ணுக்கும்தான் வேலை. வலிக்கு வலி இடையில் வாயாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால் அம்மா பேனாவை மூடிவிடுவார். மேலுதட்டில் வேர்வை பூக்கிறதா என்று பார்ப்பார். "வெளிக்கு வர்ற மாதிரி இருக்கு நர்சம்மா" என்று அந்தப் பெண் சொன்னாளோ இல்லையோ, அதுவரை ஆடாமல் அசையாமல் இருந்தவர் எழுந்து ஓடுவார். தலை கீழே இறங்கி மலக்குடலை அழுத்துகிறது என்று அர்த்தம். இது தெரியாமல் கழிவறைக்குக் கூட்டிப்போய், அங்கேயே குழந்தை வந்துவிட்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

வயிற்றுக்குள் இருக்கிற குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க அம்மாவிடம் அலுமினியத்தில் ஒரு பீட்டோஸ்கோப் இருந்தது. சிறிய புனல். அகன்ற வாயை வயிற்றில் பதித்து, மறுமுனையில் காதை வைத்து அழுத்திக்கொண்டு, கையை எடுத்துவிட வேண்டும். கை பட்டால் உரசும் சத்தம்தான் கேட்கும். எங்கள் சித்தி எட்டு மாதமாக இருந்தபோது என்னை ஒருமுறை கேட்கவிட்டார். முதலில் ஒன்றுமில்லை. சித்தி மூச்சு விடுகிற சத்தம்தான். அம்மா புனலை இரண்டு விரல்கடை நகர்த்தி வைத்தார். அப்போது, ராத்திரியில் ரொம்ப தூரத்து வயலில் பம்ப்செட் ஓடுகிற மாதிரி, அடங்கின சத்தத்தில் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 110லிருந்து 160 வரை இருக்கலாம். வலி வந்து அடங்குகிற அந்த நேரத்தில் ஒரு முழு நிமிடம் கேட்க வேண்டும், குழந்தை திணறினால் அப்போதுதான் தெரியும் என்பார். துடிப்பு இறங்கினால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி கேட்பார். அப்போதும் ஏறவில்லை என்றால் வண்டிக்கு ஆள் போகும்.

வண்டி என்றால் பால் வேன். தாலுகா ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போக வேண்டும். உதிரம் பட்டால், கை கால் வெட்டி இழுத்தால், முகம் வீங்கி பி.பி. ஏறியிருந்தால், முன்னால் ஆபரேஷன் நடந்திருந்தால், குழந்தை குறுக்கே கிடந்தால் யோசிக்கவே கூடாது. இவை எதுவும் இல்லாமல், ஆனால் ஏதோ சரியில்லை என்று தோன்றுகிற கேஸ்தான் கஷ்டம். "இருட்டுறதுக்குள்ள முடிவெடுத்துடணும்" என்பது அம்மா தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். ராத்திரி பத்து மணிக்கு மேல் பால் வேன்காரரை எழுப்ப முடியாது என்பதுதான் காரணம். வேறு தத்துவம் ஒன்றுமில்லை.

அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது அந்த ஊரில் ஏற்கெனவே ஒரு மருத்துவச்சி ஆயா இருந்தார். நாவிதர் வீட்டுப் பெண். ஆண்கள் முடி வெட்டுவது, பெண்கள் பிள்ளைப்பேறு பார்ப்பது என்று தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தின் தலையில் கட்டிய வேலை. கூலி நெல்லாக வரும், சேலையாக வரும், சில வீட்டில் வராமலும் போகும். தொப்புள்கொடி அறுப்பது, நச்சுக்கொடியைப் புதைப்பது, தீட்டுத் துணியை அலசுவது எல்லாம் அவர் வேலை. பெற்றவளும் பிள்ளையும் உயிரோடிருக்கக் காரணமான கை, ஆனால் அந்தக் கையால் அந்த வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக் குடிக்க முடியாது. பேறுகாலம் பார்க்கிற வேலைக்கு நம் ஊரில் மரியாதை ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று யாராவது கேட்டால், நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். இன்றைக்கும் பிரசவ வார்டில் ரத்தத்தைத் துடைக்கிற ஆயாம்மாவை யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.

அந்த ஆயாவுக்குக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்பது கைவைத்த மாத்திரத்தில் தெரியும். பயந்த பெண்ணைப் பேசியே அடக்கத் தெரியும். ஆனால் தொப்புளைக் கதிர் அரிவாளால் அறுத்துச் சாம்பல் வைக்கிற பழக்கமும் அவருக்கு இருந்தது. நச்சுக்கொடி வர நேரமானால் இழுத்துவிடுவார். ஏழாம் நாள் ஜன்னி கண்டு பிள்ளை செத்தால் காத்து கருப்பு என்பார்கள். அது டெட்டனஸ். அம்மாவின் முதல் சண்டை அந்த ஆயாவோடுதான், நெருங்கிய சிநேகிதியும் அவர்தான். கை சுத்தம், படுக்கும் இடம் சுத்தம், பிளேடு சுத்தம், கட்டுகிற நூல் சுத்தம், தொப்புளில் ஒன்றும் வைக்காமல் விடுவது என்று ஐந்து சுத்தங்களை அரசாங்கம் சொல்லிக்கொடுத்தது. ஆயா நான்கை ஏற்றுக்கொண்டார். ஐந்தாவதுக்கு மட்டும் ரொம்ப நாள் ஆனது. கர்ப்பிணிகளுக்கு டெட்டனஸ் ஊசியும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. தாய்க்கும் பச்சைக்குழந்தைக்கும் வருகிற டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015ல் உறுதியானபோது தொலைக்காட்சியில் ஒரு வரி ஓடியது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அடுப்பில் குழம்பு இருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987ல் 300 ரூபாயில் தொடங்கிய மகப்பேறு உதவி 2006ல் 6,000, 2011ல் 12,000, பிறகு 18,000 என்று ஏறியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஷிப்டுக்கும் ஸ்டாஃப் நர்ஸ் வந்தார்கள். 2008ல் 108 வந்தது, பால் வேன்காரருக்கு விடுதலை கிடைத்தது. ஒவ்வொரு தாயின் சாவையும் ஏன் என்று விசாரிக்கிற வழக்கத்தைத் தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களுக்கு முன்பே தொடங்கியது. 2004-06ல் லட்சம் பிரசவத்துக்கு 111 ஆக இருந்த தாய் இறப்பு 2018-20ல் 54 ஆகிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் மருத்துவமனையில்தான். எங்கள் வீட்டு மரக்கதவுக்கு அந்தப் பக்கம் கடைசியாகப் பிள்ளை பிறந்தது எப்போது என்று அம்மாவுக்கே நினைவில்லை.

இதில் எனக்கு ஏக்கம் எதுவும் கிடையாது. தெளிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "அந்தக் காலத்தில் வீட்டிலேயே பெற்றார்கள், எல்லோரும் நன்றாகத்தானே இருந்தார்கள்" என்று எழுதுகிற கூட்டம் பெருகியிருக்கிறது. எல்லோரும் நன்றாக இல்லை. நன்றாக இல்லாதவர்கள் வந்து பேச முடியாது, அவ்வளவுதான். 2018ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய், ரத்தப்போக்கில் ஒரு பெண் இறந்தார். பிள்ளை பிறந்த பின் கருப்பை இறுகாவிட்டால் உதிரம் கொட்டும். தடுக்க ஆள் இல்லையென்றால் இரண்டு மணி நேரம்கூட தாங்காது. இயற்கை என்று சொல்லிக்கொண்டு அந்த இரண்டு மணி நேரத்தோடு விளையாடுகிறவர்களை அம்மா திட்டுகிற வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அந்த இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றப் பெரிய டாக்டர்தான் வேண்டும் என்பதும் இல்லை. கர்நாடகத்தில் பெல்காம் பக்கத்துக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது, 2006ல் வெளியானது. பிரசவம் பார்த்தவர்கள் அம்மாவைப் போன்ற ஏ.என்.எம்.கள். குழந்தை பிறந்ததும், கருப்பையை இறுகவைக்கிற மிசோப்ரோஸ்டால் மாத்திரை கொடுத்தார்கள். அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு நூற்றுக்கு 12 என்பதிலிருந்து 6.4 ஆக இறங்கியது. எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைக் கண் மதிப்பில் சொல்லாமல் அளந்து பார்க்க, இடுப்புக்குக் கீழே விரிக்கும் அளவு போட்ட பிளாஸ்டிக் பை ஒன்றையும் அங்கே பயன்படுத்தினார்கள். அதே வகைப் பையை வைத்து ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் செய்த பெரிய ஆய்வு 2023ல் வந்தது. ரத்தத்தை அளந்து, வயிற்றைப் பிசைந்துவிட்டு, ஊசி, மருந்து, டிரிப் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே மூச்சில் செய்தால் மோசமான விளைவுகள் 60 சதவீதம் குறைகின்றன என்றது. முன்னின்று செய்தவர்களில் பெரும்பாலோர் பேறுகாலச் செவிலியர்கள்தான்.

ஆக, உயிர் பிழைக்கவைக்கிற வேலை நடந்துவிட்டது, இன்னும் நடக்கிறது. என் பேச்சு வேறு. எல்லாப் பிரசவத்தையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம், சரி. திண்ணைப் படியில் உட்கார்ந்திருந்த ஆளை அங்கே கொண்டுவரவில்லை.

என் முதல் பிரசவம் 2013ல், ஒரு தனியார் மருத்துவமனையில். ராத்திரி சேர்த்தார்கள். படுக்கவைத்து டிரிப் போட்டார்கள். எழுந்து நடக்கக் கூடாது. முப்பது வருஷம் பிரசவம் பார்த்த அம்மாவுக்கு உள்ளே அனுமதி இல்லை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு பெண் வலியில் கத்தியபோது, "அப்ப இனிச்சுதுல்ல, இப்ப என்ன?" என்று ஒரு குரல் கேட்டது. இந்த வசனம் தமிழ்நாட்டில் எந்த லேபர் வார்டில் எழுதப்பட்டதோ தெரியவில்லை, எல்லா இடத்துக்கும் பரவியிருக்கிறது. காலையில் டாக்டர் வந்து, கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்ததோடு நிற்கிறது, முன்னேற்றம் இல்லை, சிசேரியன் செய்துவிடலாம் என்றார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடப் போனபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "குழந்தை துடிப்பு எப்படி இருக்கு?" நன்றாக இருக்கிறது என்றார்கள். "அப்புறம் என்ன அவசரம்?" அதற்குப் பதில் வரவில்லை, கையெழுத்து மட்டும் போனது.

டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்பது 1950களில் அமெரிக்காவில் ஃப்ரீட்மன் என்பவர் வரைந்த கோட்டிலிருந்து வந்த கணக்கு. உலகமே அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஐந்து சென்டிமீட்டர் வரை எவ்வளவு மெதுவாகப் போனாலும், தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் அந்த ஒரு காரணத்துக்காகக் கைவைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல்தான் சொன்னது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அதைத்தான் நான் சீரகத் தண்ணி குடிக்கச் சொல்லிச் செஞ்சேன்" என்றார்.

மேலே சொன்ன அதே 2019-21 ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. அதற்கு முந்தைய ஆய்வில் 34.1. தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. சிசேரியன் உயிர் காக்கும் ஆபரேஷன், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஒரு நாட்டில் பத்து சதவீதத்தைத் தாண்டிய பிறகு சிசேரியன் கூடுவதால் தாய் சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015லேயே சொல்லிவிட்டது. நாம் அதுபோல் நாலு மடங்குக்கு மேல் இருக்கிறோம்.

பணத்துக்காக அறுக்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அரசு மருத்துவமனையில் யாருக்குப் பணம்? அங்கேயும் 36. நல்ல நேரம் குறித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். "எம்பொண்ணு வலி தாங்கமாட்டா, ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று காலில் விழுகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். ஏதாவது ஆனால் விசாரணை, போராட்டம், சாலை மறியல் என்று நினைத்துச் சின்ன சந்தேகத்துக்கும் மேலே அனுப்பிவிடுகிற சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. அனுப்பப்பட்டவர்கள் எல்லாம் போய்ச் சேருகிற பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே ராத்திரியில் இருபது பேர், மேசை நான்கு. காத்திருப்பதற்கு இடம் வேண்டும், ஆள் வேண்டும். ஒரு நர்ஸ் ஒரே நேரத்தில் ஆறு பெண்களோடு காத்திருக்க முடியாது. கத்தி வேகமானது என்பதால் ஜெயிக்கிறது.

தங்கச்சி பிரசவத்துக்கு நான் பிடிவாதமாக இருந்தேன். எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான், நான் கூட இருப்பேன் என்று. பிரசவத்தின்போது ஒரு பெண் துணை கூட இருக்கலாம் என்பது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004லேயே வந்த ஏற்பாடு. ரொம்பப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் கேட்பதில்லை. ராத்திரி ஷிப்டில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "நீங்க பெத்தவங்களா?" துணையாக வருகிறவர் பிரசவம் அனுபவித்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. சிசேரியன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வலி பாத்தீங்கல்ல, வாங்க" என்றார்.

கணவர் வரக்கூடாதா என்று கேட்பீர்கள். பல இடங்களில் கட்டிலுக்குக் கட்டில் திரை கிடையாது, பக்கத்தில் இன்னொரு பெண் கிடப்பாள். ஒரு திரைத்துணியால் தீர்கிற பிரச்சினை இது. இருபது வருஷமாகத் தீராமல் இருக்கிறது.

அந்த நர்சுக்கு என்னைவிட வயது குறைவு. தொகுப்பூதியத்தில் வேலை. தங்கச்சியை நடக்கவிட்டார், கஞ்சி குடிக்கவிட்டார். வலி ஏறியபோது ஸ்டூலில் உட்கார்ந்து கட்டிலில் நெஞ்சைச் சாய்த்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு ஒரு வேலை கொடுத்தார்: வலி வரும்போது நடு இடுப்பில், பிட்டத்துக்குச் சற்று மேலே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் தங்கச்சி "அக்கா, விடாத" என்பாள். விடிகாலைக்குள் என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அரை மணிக்கு ஒருமுறை டாப்ளரை வைத்துத் துடிப்பைக் கேட்டு, பிரசவம் எப்படிப் போகிறது என்று கோடு போட்டுக் காட்டுகிற பார்டோகிராஃப் தாளில் அப்போதே புள்ளி வைத்தார். நிறைய இடங்களில் அந்தத் தாளைப் பிள்ளை பிறந்த பிறகு உட்கார்ந்து நிரப்புவார்கள். "பொறந்த பெறகு போட்டா கோடு எப்பவும் நேராத்தான் போகும்" என்று அம்மா சொல்வதுண்டு.

ரெண்டு மணி வாக்கில் இன்னொரு பெண் வலியோடு வந்தாள், மூன்றாவது பிரசவம், வந்து அரை மணியில் பிறந்துவிட்டது. அந்த அரை மணி நேரமும் எங்களுக்கு நர்ஸ் இல்லை. நான் மட்டும் இருந்தேன். அப்போதுதான் துணை என்கிற ஏற்பாட்டின் மதிப்பு புரிந்தது. குவாத்தமாலாவில் 1980ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. முதல் பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினரோடு, முன்பின் அறிமுகமில்லாத, மருத்துவம் படிக்காத ஒரு பெண் கடைசி வரை கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவிக்கொண்டு, பேசிக்கொண்டு இருந்தாள். அவர்களுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து பிரசவமாக சராசரி 8.8 மணி நேரம். துணை இல்லாதவர்களுக்கு 19.3. அதன்பிறகு 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 15,000க்கும் மேற்பட்ட பெண்கள், அதே திசைதான்: விடாமல் ஆள் கூட இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது. இப்படி ஒரு மருந்து இருந்திருந்தால் விளம்பரம் போட்டே கம்பெனிகள் பணக்காரராகியிருக்கும்.

தலை தெரிந்ததும் நர்ஸ், "முக்காத, ஊது, ஊது" என்றார். ஒரு கையில் மடித்த துணியால் கீழே தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் தலை வேகமாக வராமல் பிடித்துக்கொண்டார். வயிற்றை யாரும் அழுத்தவில்லை. வெட்டவில்லை. குழந்தையைத் துடைத்து அப்படியே தங்கச்சி நெஞ்சில் போட்டார். தொப்புள்கொடியை உடனே அறுக்கவில்லை. "தொட்டுப் பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். நீலமும் வெள்ளையுமாக முறுக்கிக்கொண்டு, என் விரலுக்கடியில் துள்ளிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் துள்ளல் தளர்ந்து, கொடி வெளிறித் தொய்ந்த பிறகுதான் கிளிப் போட்டார். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் குழந்தைக்குப் போகிற ரத்தம் பின்னால் இரும்புச்சத்துக்கு உதவும்.

நச்சுக்கொடி வந்ததும் அதைத் தட்டில் விரித்து, விளக்கடியில் வைத்து, ஒவ்வொரு கண்டமாக விரலால் தள்ளி, எங்காவது பிய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் உதிரம் நிற்காது. சவ்வைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கால் மணிக்கு ஒருமுறை தங்கச்சியின் அடிவயிற்றைத் தொட்டு, கருப்பை இறுகியிருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருந்தார். வெளியே எங்கள் மாப்பிள்ளை சாக்லேட் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று குடும்பம் நினைக்கிற அந்த நேரம்தான் ஆபத்தான நேரம்.

வீட்டுக்கு வந்த பிறகு உள்ள நாட்கள் இன்னொரு கதை. மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு 14, 21, 28, 42 என்று வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது அட்டவணை. மூன்றாம் நாள்தான் முக்கியம் என்பார் அம்மா. அன்றைக்குத்தான் பால் கட்டும், மார் கல்லாகும், காரணமில்லாமல் அழுகை வரும், குழந்தைக்கு மஞ்சள் தெரியும். அதே நாளில்தான் யாராவது ஒரு பெரியம்மா வந்து "பால் பத்தல, பால் பவுடர் கொடுங்க" என்பார். தங்கச்சிக்குத் தண்ணீர் தரக்கூடாது, வயிறு பெருத்துவிடும் என்று அவள் மாமியார் வீட்டிலிருந்து போனில் உத்தரவு வந்தது. அம்மா போனை வாங்கி, "சரிங்க சம்பந்தி, சரிங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்பு நிறையத் தண்ணீரைத் தங்கச்சி பக்கத்தில் வைத்தார். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதை அம்மாவும் விடவில்லை. காதில் மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது மட்டும் கூடாது. எல்லாப் பழக்கத்தோடும் சண்டை போடுகிற நர்சம்மாவை ஊர் வாசலோடு அனுப்பிவிடும் என்று அம்மாவுக்குத் தெரியும்.

அட்டவணை இருக்கிறது, ஆள் எங்கே என்பதுதான் கேள்வி. ஐயாயிரம் பேருக்கு ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் என்பது கணக்கு. அம்மாவின் கடைசி வருடங்களில் புதன்கிழமை தடுப்பூசி, செவ்வாய்க்கிழமை கர்ப்பிணி பரிசோதனை போக, மீதி நாளெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவு. கர்ப்பத்தைப் பதிந்த எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது, அதனால் அது தள்ளிப்போட முடியாத வேலை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவது தள்ளிப்போடக்கூடிய வேலை, அதனால் தள்ளிப்போனது. எதை எண்ண முடியுமோ அதுதான் வேலை என்று ஆகிவிட்டது.

2018 கடைசியில் மத்திய அரசு பேறுகாலச் சேவைக்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டது. ஏற்கெனவே நர்சிங் படித்தவர்களுக்கு மேலும் 18 மாதம் பயிற்சி, சிக்கலில்லாத பிரசவங்களை அவர்களே முழுப் பொறுப்பில் பார்க்கும் தனிப் பிரிவுகள் என்று திட்டம். தெலங்கானா அதற்கு முன்பே, 2017ல், கரீம்நகரில் தொடங்கிவிட்டது. சிசேரியன் விகிதத்தில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாநிலம் அது, அதே தேசியக் குடும்பநல ஆய்வில் நூற்றுக்கு 60.7. அங்கே தொடங்கியதில் ஆச்சரியமில்லை.

நல்ல திட்டம்தான். எனக்கு உறுத்துவது ஒன்று. 18 மாதம் படிக்கவைத்துத் திரும்ப அனுப்பினால், அதே ஆளை நாளைக்கு டெங்கு வார்டுக்கும் மறுநாள் ரிஜிஸ்டருக்கும் மாற்றிப் போடுவதைத் தடுப்பது எது? பொறுப்பு கொடுத்து, அதற்கேற்ற சம்பளமும் பதவியும் கொடுத்து, ஒரே இடத்தில் இருக்கவிட வேண்டும். ஏழாம் மாதம் பார்த்த முகமே வலி வரும் ராத்திரியிலும் இருக்க வேண்டும், பிள்ளை பெற்ற மூன்றாம் நாளும் அதே முகம் வாசலில் நிற்க வேண்டும். அம்மாவுக்கு அது கைகூடியது, மரக்கதவுக்குப் பின்னால் குடியிருந்ததால். அந்தக் கதவை மறுபடி வைக்க வேண்டாம். ஓர் ஆள் மூன்று பேர் வேலையைப் பார்த்து, தூக்கமில்லாமல், லீவில்லாமல் செய்த காரியம் அது, எங்கள் பள்ளிக்கூடத்து விழாவில் ஒன்றுக்குக்கூட அம்மா வந்ததில்லை. ஷிப்ட் முறையிலேயே அதைச் செய்ய முடியும். இரண்டு மூன்று பேறுகாலச் செவிலியர் ஒரு குழுவாக இருந்து, குறிப்பிட்ட அளவு கர்ப்பிணிகளை முதல் மாதத்திலிருந்து தங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டால் போதும். யார் ஷிப்டில் இருந்தாலும் தெரிந்த முகமாக இருக்கும்.

தங்கச்சி இப்போது மறுபடி ஆறு மாதம். அந்த நர்ஸ் நிரந்தரப் பணி கிடைத்து மாற்றலாகிப் போய்விட்டார். அம்மா பழைய பழக்கத்தில் நாலு பேரிடம் போன் போட்டு விசாரித்து, எந்த ஊர் சுகாதார நிலையத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டார். முப்பது கிலோமீட்டர் தள்ளி. இரண்டாவது பிரசவம் சீக்கிரம் ஆகிவிடும், அவ்வளவு தூரம் போவது சரியா என்று மாப்பிள்ளை கேட்கிறார். ஒன்பதாம் மாதமே போய் அந்த ஊரில் ஒரு வாடகை வீடு பார்த்து இருந்துகொள்ளலாம் என்கிறாள் தங்கச்சி. வீட்டில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.